ஆர்ச்சி காக்ரேன்

ஆர்ச்சிபால்ட் லெமன் காக்ரேன் (ஜனவரி 12, 1909 – ஜூன் 18, 1988) ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவரும் நோய்ப்பரவலியல் அறிஞரும் ஆவார். ஆர்ச்சி காக்ரேன் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். ஒரு சிகிச்சை நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை செய்கிறதா என்பதை மருத்துவரின் அனுபவமோ பதவியோ தீர்மானிக்க இயலாது; நியாயமான ஒப்பீட்டுச் சோதனையே தீர்மானிக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். 1972 ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது சிறுநூல், பின்னர் சான்றுசார் மருத்துவம் எனப் பெயர்பெற்ற இயக்கத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1993 இல் தொடங்கப்பட்ட காக்ரேன் கூட்டமைப்பு இவரது பெயரைத் தாங்கியுள்ளது. காதுவலியுடன் வரும் குழந்தைக்கு நுண்ணுயிர்க்கொல்லி தரலாமா, முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு தேவையா என்பன போன்று குடும்ப மருத்துவர் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளுக்கு இக்கூட்டமைப்பின் மீளாய்வுகள் இன்று உலகெங்கும் துணைநிற்கின்றன.

இளமையும் கல்வியும்

காக்ரேன் ஸ்காட்லாந்தின் காலாஷீல்ஸ் நகரில், கம்பளித் துணி உற்பத்தியால் வளம்பெற்ற ஒரு குடும்பத்தில் பிறந்தார். தந்தை வால்ட்டர் காக்ரேன் முதலாம் உலகப் போரில், 1917 ஆம் ஆண்டு காசாவில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அப்போது ஆர்ச்சிக்கு வயது 8. இங்கிலாந்தின் அப்பிங்காம் பள்ளியில் படித்தபின், உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறி 1930 இல் பட்டம் பெற்றார். அடுத்து கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு ஆய்வில் சிறிதுகாலம் ஈடுபட்டார்.

1931 முதல் 1934 வரை அவர் ஐரோப்பாவில் வாழ்ந்தார். பிராய்டின் மாணவரான தியோடர் ரெய்க்கிடம் உளப்பகுப்பாய்வுக்குச் சென்ற அவர், ரெய்க் இடம்பெயர்ந்தபோதெல்லாம் பெர்லின், வியன்னா, தி ஹேக் என அவருடனேயே சென்றார். இக்காலத்தில் ஜெர்மன் மொழியை நன்கு கற்றார்; நாசிசத்தின் எழுச்சியையும் நேரில் கண்டார். உளப்பகுப்பாய்வு அவருக்கு நிறைவளிக்கவில்லை. உறுதியாகச் சொல்லப்படும் கருத்துகளுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது இக்காலத்தில்தான்.

1934 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவ மாணவரானார். அனைவருக்கும் பொதுவான தேசிய மருத்துவச் சேவை வேண்டும் என்று கோரிய ஒரு பேரணியில், பயனுள்ள சிகிச்சை யாவும் இலவசமாக்கப்பட வேண்டும் என்ற பொருள்படும் பதாகையைத் தாமே எழுதி ஏந்திச் சென்றார். அக்கோரிக்கையில் பயனுள்ள என்ற சொல்லுக்கு அவர் அளித்த அழுத்தத்தை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்தில் அவர் எழுதியவை பெரும்பாலும் அந்த ஒரு சொல்லின் விளக்கமே எனலாம்.

1936 இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் படிப்பை இடைநிறுத்தி, குடியரசுத் தரப்புக்கு உதவச் சென்ற பிரித்தானிய மருத்துவ ஊர்திக் குழுவில் சேர்ந்தார். 1937 இல் நாடு திரும்பி, 1938 இல் மருத்துவராகத் தகுதி பெற்றார்.

போர்க்கைதி முகாம்களில்

இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவப் படையில் தலைவர் நிலை அலுவலராகப் பணியாற்றிய காக்ரேன், 1941 ஆம் ஆண்டு கிரீட் தீவு ஜெர்மானியரிடம் வீழ்ந்தபோது சிறைபிடிக்கப்பட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் கைதிகளுக்கு மருத்துவராகவே சிறையில் கழிந்தன. முதலில் கிரேக்கத்தின் சலோனிக்காவிலும், பின்னர் ஜெர்மனியில் ஹில்ட்பர்க்ஹவுசன், எல்ஸ்டர்ஹோர்ஸ்ட், எல்பே நதிக்கரை விட்டன்பெர்க் ஆகிய இடங்களிலும் வைக்கப்பட்டார்.

சலோனிக்கா முகாமில் உணவு மிகக் குறைவு. கைதிகள் பலருக்குக் கால்களில் நீர்கோத்து வீக்கம் கண்டது. காக்ரேனுக்கும் அவ்வாறே ஆயிற்று. உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயாக இருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். தம் ஐயத்தைச் சோதித்துப் பார்க்க முழங்காலுக்கு மேல்வரை வீக்கம் கண்ட 20 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பத்துப் பேராக இரண்டு அறைகளில் தங்கவைத்தார். இரு அறையினருக்கும் வழக்கமான உணவே தரப்பட்டது. ஓர் அறையினருக்கு மட்டும் கள்ளச்சந்தையில் கிடைத்த ஈஸ்ட் நாள்தோறும் கொடுக்கப்பட்டது. மற்றோர் அறையினருக்கு உயிர்ச்சத்து சி மாத்திரை வழங்கப்பட்டது. முதல் இரண்டு நாள்கள் வேறுபாடு தெரியவில்லை. நான்காம் நாளில் ஈஸ்ட் உண்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறியிருந்தனர்; மற்ற அறையில் முன்னேற்றம் இல்லை. இம்முடிவை அவர் முகாம் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். சில நாள்களில் முகாமுக்குப் பெருமளவில் ஈஸ்ட் வந்து சேர்ந்தது, வீக்கமும் குறைந்தது.

பிற்காலத்தில் இச்சோதனையைக் கடுமையாகக் குறைகூறியவரும் காக்ரேனே ஆவார். பங்கேற்றோர் மிகக் குறைவு, காலம் மிகக் குறுகியது, அளவீடு நம்பத்தக்கதன்று, தாம் கருதிய நோயே பெரும்பாலும் தவறு என்று 1984 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். வீக்கத்துக்குப் புரதக் குறைபாடே காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவரது பிந்தைய முடிவு. ஆயினும் ஒப்பிட்டுக் காட்டிய எளிய சான்று எதிரியின் மனத்தையும் மாற்றியது என்பதை அவர் மறக்கவில்லை.

எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் முகாமில் காசநோயாளிகள் அவரது பொறுப்பில் இருந்தனர். எந்தச் சிகிச்சையை யாருக்குச் செய்வது என்று தீர்மானிக்கும் முழு உரிமை அவரிடம் இருந்தது. நுரையீரலைச் சுருங்கச் செய்யும் முறையா, வெறும் ஓய்வா என்பதில் எது நன்மை செய்யும், எது உயிரைக் குறைக்கும் என்று அவருக்குத் தெரியாது; அதைக் காட்டும் சான்றும் எங்கும் இல்லை. தம் தலையீட்டால் சிலர் முன்னதாகவே இறந்திருக்கக்கூடும் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. சிகிச்சையில் மருத்துவருக்கு உள்ள சுதந்திரம் அறிவோடு சேராதபோது நோயாளிக்கு ஆபத்தாகிறது என்ற முடிவுக்கு அவர் இங்குதான் வந்தார்.

அதே முகாமில் நடந்த மற்றொரு நிகழ்வைத் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். சாகும் தறுவாயில் இருந்த இளம் சோவியத் கைதி ஒருவர் ஓயாது அலறிக்கொண்டிருந்தார். நுரையீரல் உறை அழற்சியின் வலியே காரணம் என்று காக்ரேன் நினைத்தார். வலிநீக்க மார்பின் இல்லை. இருவருக்கும் பொதுவான மொழியும் இல்லை. வேறு வழியறியாது கட்டிலில் அமர்ந்து அக்கைதியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். அலறல் உடனே நின்றது. சில மணி நேரத்துக்குப் பின் அமைதியாக அவர் உயிர் பிரிந்தது. அலறலுக்குக் காரணம் வலியன்று, தனிமை என்பதைக் காக்ரேன் அப்போதுதான் உணர்ந்தார். சான்று கேட்பவர் பரிவற்றவர் என்ற குற்றச்சாட்டுக்கு இந்நிகழ்வு விடையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

சுரங்கப் பள்ளத்தாக்குகளில்

விடுதலைக்குப் பின் லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பொதுச் சுகாதாரம் பயின்றார். அங்கு புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லின் விரிவுரைகள் அவரை ஆழமாகப் பாதித்தன. நோயாளிகளைக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு சிகிச்சையும் மற்றதற்கு வேறொன்றும் அளித்து ஒப்பிடுவது சமவாய்ப்புச் சோதனை எனப்படுகிறது. யாருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காததால் அவரது விருப்பு வெறுப்பு முடிவைத் திரிக்காது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று ஹில் வகுத்த திட்டப்படி பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் நடத்தி 1948 இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையின் முன்மாதிரி ஆனது. தாம் முகாமில் தேடியது இக்கருவியையே என்று காக்ரேன் கண்டுகொண்டார்.

1948 இல் தெற்கு வேல்சில் அம்மன்றம் நடத்திய தூசி நுரையீரல் நோய் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிய இந்நோயின் கடும் வடிவத்துக்குக் காசநோய்த் தொற்றும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது கருதப்பட்டது. இதனைச் சோதிக்க ராண்டா ஃபாக், அபர்டேர் ஆகிய இரு பள்ளத்தாக்குகளை ஒப்பிடும் பெரும் ஆய்வை 1950 இல் தொடங்கினார். ராண்டா ஃபாக்கில் மக்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துக் காசநோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பினர். காக்ரேனும் குழுவினரும் வீடுவீடாகச் சென்று வராதவர்களை அழைத்து வந்ததால் சுரங்கத் தொழிலாளருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஆய்வு மூலக் கருதுகோளை உறுதிசெய்யவில்லை. ஆனால் மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் பாராமல் ஒரு சமூகம் முழுவதையும் ஆராய முடியும் என்பதையும், ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் தூசிப் படிவும் மூச்சுத்திணறலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதையும் இப்பணிகள் காட்டின. அதே மக்களைப் பல ஆண்டுகள் கழித்தும் தேடிச் சென்று தொடர்ந்து கவனித்தது அவரது தனித்தன்மை.

1960 இல் கார்டிஃபில் உள்ள வேல்சு தேசிய மருத்துவப் பள்ளியில் காசநோய் மற்றும் மார்பு நோய்த் துறைப் பேராசிரியரானார். மருத்துவ ஆய்வு மன்றத்தின் நோய்ப்பரவலியல் பிரிவுக்கும் 1974 வரை இயக்குநராக இருந்தார்.

1972 ஆம் ஆண்டு நூல்

நஃபீல்டு அறக்கட்டளையின் அழைப்பில் அவர் எழுதிய நூல் 1972 இல் வெளிவந்தது. விளைதிறன், செயல்திறன் என்ற இரு சொற்களே அதன் தலைப்பு. ஒரு சிகிச்சை நோயின் போக்கை நல்ல திசையில் மாற்றுகிறதா என்பது விளைதிறன். அச்சிகிச்சையைத் தக்க நோயாளிக்கு, தக்க இடத்தில், தேவையான காலம் மட்டும், உள்ள பணத்தில் அளிப்பது செயல்திறன். மூன்றாவதாகச் சமத்துவத்தையும் அவர் சேர்த்தார். பிரித்தானியத் தேசிய சுகாதாரச் சேவையில் வழங்கப்படும் சிகிச்சைகளில் பல ஒருபோதும் முறையாகச் சோதிக்கப்படாதவை என்பதை எடுத்துக்காட்டினார். பயனற்றவற்றுக்குச் செலவிடும் பணம், பயனுள்ளதைப் பெற வேண்டிய வேறொரு நோயாளியிடமிருந்தும், முதியோர், மனநோயாளிகள் ஆகியோரின் பராமரிப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்பதே அவரது வாதம். கணிதக் குறியீடுகள் இன்றி, சுருக்கமாக எழுதப்பட்ட இந்நூல் மருத்துவர் அல்லாதோராலும் விரும்பிப் படிக்கப்பட்டது.

வீடா, மருத்துவமனையா

காக்ரேன் பெரிதும் ஆதரித்த ஆய்வுகளுள் ஒன்று குடும்ப மருத்துவருடன் நேரடித் தொடர்புடையது. 1960களில் மாரடைப்பு நோயாளிகளுக்கெனத் தனி இதயச் சிகிச்சைக் கூடங்கள் அமைக்கப்பட்டு வந்தன. வீட்டில் குடும்ப மருத்துவரின் கவனிப்பில் இருப்பதைவிட அவை உண்மையில் சிறந்தவையா என்று எவரும் சோதிக்கவில்லை. கார்டிஃபில் இச்சோதனையை நடத்த எதிர்ப்பு இருந்தது. மேதர் என்ற மருத்துவரின் தலைமையில் பிரிஸ்டல் உள்ளிட்ட தென்மேற்கு இங்கிலாந்து நகரங்களில் அது நடைபெற்று, 1971 இல் முடிவு வெளியானது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 343 ஆண்களில், 28 நாள்களுக்குள் இறந்தோர் வீட்டில் 12 விழுக்காடு. மருத்துவமனையில் 14 விழுக்காடு. மருத்துவமனை சிறந்தது என்பதற்கு அச்சோதனையில் சான்று கிடைக்கவில்லை.

இச்சோதனையின் தொடக்கநிலை முடிவுகள் பற்றிக் காக்ரேன் கூறும் செய்தி புகழ்பெற்றது. வீட்டுச் சிகிச்சைக்குச் சற்றே சாதகமாக இருந்த எண்களை இடம்மாற்றி, மருத்துவமனையே மேல் என்பதுபோல் இதயநோய் வல்லுநர்களிடம் முதலில் காட்டினார். வீட்டுச் சிகிச்சை அறமற்றது, சோதனையை உடனே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கொதித்தனர். அதன்பின் உண்மையான எண்களைக் காட்டி, இப்போது இதயச் சிகிச்சைக் கூடங்களை மூடலாமா என்று கேட்டார். அவையில் அமைதி நிலவியது.

இச்சோதனைக்குக் குறைகள் இருந்தன. 1,203 நோய் நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே குலுக்கலுக்கு உட்பட்டன. மேலும், குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்துகளும் அடைபட்ட இதயத் தமனியை விரைந்து திறக்கும் முறைகளும் பின்னர் வந்தன. அவை உயிர்காப்பவை என்று பெரும் சோதனைகள் காட்டியதால், இன்று மாரடைப்பு என ஐயுறும் எவரையும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதே சரியான முடிவு. 1971 இன் விடை மாறிவிட்டது. அதை மாற்றியதும் அதே வகைச் சோதனையே.

ஏறத்தாழ இதே கேள்வி சென்னையிலும் எழுப்பப்பட்டது. 1956 இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகும். வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளிகள், காசநோய் விடுதியில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தனர் என்று 1959 இல் இம்மையம் அறிவித்தது. உலகெங்கும் காசநோய் விடுதிகள் மூடப்பட இதுவும் ஒரு காரணமாயிற்று.

ஆஸ்பிரின் சோதனை

காக்ரேனின் சக ஆய்வாளர் பீட்டர் எல்வுட் தலைமையில், மாரடைப்பிலிருந்து மீண்ட 1,239 ஆண்களிடம் ஆஸ்பிரின் சோதிக்கப்பட்டது. இதன் முடிவு 1974 இல் வெளியானது. ஆறு மாதங்களில் 12 விழுக்காடும் ஓராண்டில் 25 விழுக்காடும் இறப்பு குறைந்ததாகத் தோன்றினாலும், இது தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் அடிப்படையில் மறுக்க முடியவில்லை. ஆய்வாளர்களும் அதனை அவ்வாறே அறிவித்தனர். அடுத்தடுத்த சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோதே பயன் தெளிவாயிற்று. மாரடைப்பின்போதே ஆஸ்பிரின் தருவது உயிர்காக்கும் என்று 17,187 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுச் சோதனை ஒன்று நிறுவியது. அது 1988 ஆகஸ்டில், காக்ரேன் மறைந்த இரண்டு மாதங்களில் வெளியானது. மறுபுறம், இதயநோய் இல்லாத முதியோருக்குத் தடுப்பாக நாள்தோறும் ஆஸ்பிரின் தொடங்குவது குருதிக்கசிவு ஆபத்தையே கூட்டுகிறது என்று 2018 இல் வெளியான சோதனைகள் காட்டின. ஒரே மாத்திரை யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதைப் பிரித்தறிவதே குடும்ப மருத்துவரின் அன்றாடக் கடமையாகிறது.

குடும்ப மருத்துவத்தில் தாக்கம்

காக்ரேனின் பிரிவில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் (1927–2018), பின்னர் கிளின்கோரூக் என்ற வேல்சு சுரங்கச் சிற்றூரில் குடும்ப மருத்துவரானார். நோயென்று வருவோரை மட்டுமன்றித் தம் பொறுப்பில் இருந்த வயதுவந்தோர் அனைவரின் குருதி அழுத்தத்தையும் அளந்து 1970 இல் முடிவுகளை வெளியிட்டார். வீடுவீடாகத் தேடிச் சென்று கணக்கெடுக்கும் முறையை அன்றாட மருத்துவமனைப் பணியில் புகுத்தியவர் இவர். மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971 இல் இவர் வெளியிட்ட கருத்து, காக்ரேனின் சமத்துவக் கவலையை மேலும் கூர்மையாக்கியது.

திரட்டித் தாருங்கள் என்ற கோரிக்கை

சோதனைகள் பெருகியபோது புதிய சிக்கல் தோன்றியது. நாள் முழுவதும் நோயாளிகளைக் காணும் மருத்துவர் நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க இயலாது. எல்லாச் சமவாய்ப்புச் சோதனைகளையும் துறைவாரியாகத் திரட்டி, சீர்தூக்கிச் சுருக்கி, அவ்வப்போது புதுப்பித்துத் தராதது மருத்துவத் துறையின் பெருங்குறை என்று 1979 இல் காக்ரேன் எழுதினார். சான்றுகளைப் பயன்படுத்துவதில் மகப்பேற்று மருத்துவமே கடைசி இடத்தில் உள்ளது என்றும் கண்டித்தார்.

அக்கண்டனத்தை ஏற்றுச் செயலில் இறங்கியவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஐயன் சாமர்ஸ். அவரும் சகாக்களும் மகப்பேறு தொடர்பான சோதனைகளைத் திரட்டி 1989 இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். காக்ரேன் மறைவதற்கு முன்பே அதற்கு அணிந்துரை எழுதி, தம் கண்டனத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்.

இத்திரட்டலின் தேவைக்குக் குறைமாதப் பிரசவம் சிறந்த எடுத்துக்காட்டு. குறைமாதத்தில் பிரசவிக்கவுள்ள தாய்க்குக் கார்ட்டிகோஸ்டிராய்டு மருந்தை ஊசியாகச் செலுத்துவது குழந்தையின் நுரையீரலை முதிரச்செய்யும் என்று 1972 இல் நியூசிலாந்துச் சோதனை ஒன்று காட்டியது. மேலும் பல சோதனைகள் நடந்தும், அவை ஒன்றுசேர்த்துப் பார்க்கப்படாததால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலான மருத்துவர்கள் இம்மருந்தைப் பயன்படுத்தவில்லை. பிழைத்திருக்கக்கூடிய பல குழந்தைகள் இறந்தன. காக்ரேன் கூட்டமைப்பின் சின்னத்தில் உள்ள கோடுகள் இச்சோதனைகளில் ஏழின் முடிவுகளையே குறிக்கின்றன.

இறுதிக் காலம்

காக்ரேன் திருமணம் செய்துகொள்ளவில்லை. கார்டிஃபை அடுத்த ரூஸ் என்ற சிற்றூரில் தோட்டம் வளர்ப்பதிலும் ஓவியங்கள் சேர்ப்பதிலும் ஈடுபட்டார். போர்ஃபிரியா என்ற மரபுநோய் தமக்கும் தமக்கையார் ஹெலனுக்கும் இருப்பது தெரியவந்தபோது, பல நாடுகளில் சிதறியிருந்த உறவினரைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களையும் பரிசோதிக்கச் செய்தார். 1972 இல் பிரித்தானியச் சமூக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 1988 ஜூன் 18 அன்று காலமானார். பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த இரங்கல் குறிப்பு அவரே முன்கூட்டி எழுதி வைத்தது. அதில் தம் குறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மேக்ஸ் பிளைத்துடன் இணைந்து எழுதிய தன்வரலாறு 1989 இல் வெளிவந்தது.

மரபும் விமர்சனமும்

1992 இல் ஆக்ஸ்போர்டில் காக்ரேன் மையமும், அடுத்த ஆண்டில் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டன. தெற்காசியாவுக்கான வலையமைப்பு 2005 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிறுவப்பட்டது. கூட்டமைப்பின் மீளாய்வுகள் அன்றாட மருத்துவத்தைத் தொடுபவை. நடுக்காது அழற்சி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு நுண்ணுயிர்க்கொல்லி இன்றியே 24 மணி நேரத்தில் வலி குறைகிறது என்று ஒரு மீளாய்வு காட்டியது. ஆனால் இச்சோதனைகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. கடும் பின்விளைவுகள் மிகுந்த இடங்களிலும், இரு காதும் பாதிக்கப்பட்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் மருந்தின் தேவை கூடுதல்.

இத்தகைய வேறுபாடுகளே சான்றுசார் மருத்துவத்தின் மீதான முதன்மை விமர்சனத்துக்கு அடிப்படை. சோதனைகளில் சேர்க்கப்படுவோர் பெரும்பாலும் ஒரே நோய் உடையவர்கள். குடும்ப மருத்துவரிடம் வரும் முதியவருக்கோ நீரிழிவு, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியவை ஒருசேர இருக்கும். சராசரி முடிவு அவருக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே கிடைக்கும் சான்று, மருத்துவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் இணைத்தே முடிவெடுக்க வேண்டும் என்று டேவிட் சாக்கெட்டும் சகாக்களும் 1996 இல் விளக்கினர். எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் முகாமில் சான்றின் இன்மையையும் பரிவின் பயனையும் ஒருசேரக் கண்ட காக்ரேனின் வாழ்க்கை இவ்விளக்கத்துக்கு முரணானதன்று.